கரிசல் சோளமும் கரிப்பூட்டையும்

தாமிரபரணிக் கரையில் பிறந்த மாடு வைக்கோல் தின்று வளரும். அவ்வாற்றுக்கு வடக்கே சில கல் தொலைவு கடந்து கரிசல் காட்டை அடைந்தால், அங்குள்ள மாடு சோளத்தட்டையும் கம்மந்தட்டையும் தின்று வளர்வதைக் காணலாம். பழைய திருநெல்வேலிச் சீமை இவ்விரண்டு தொழுவங்களையும் தன்னகத்தே கொண்டிருந்தது. 1986ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. கோவில்பட்டியும் எட்டயபுரமும் விளாத்திகுளமும் அதனோடு சென்றன. மாணவ நேயர்களுக்கு நான் இன்று சொல்லவிருப்பது, அப்பிரிவினைக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய ஒரு வரலாறு. அதில் அரசர் இல்லை, போர் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத பூசணத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் நடந்த போர் அது.

கரிசல் சம்சாரியின் நிலம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசித் திங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பான். தை, மாசியில் அறுப்பான். பின்னர் அடுத்த மழை வரும் வரையில் காட்டில் பச்சை என்பதே அரிது. அந்த ஏழெட்டு மாத காலமும் உழவு மாட்டையும் கறவை மாட்டையும் காப்பது வீட்டோரம் உயர்ந்து நிற்கும் படப்பு ஒன்றே. படப்புக் குறைந்தால் பங்குனியிலேயே மாட்டைச் சந்தைக்கு ஓட்டவேண்டும். எல்லாரும் ஒருங்கே ஓட்டும் காலத்தில் விலை கிடைக்காது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், அடுத்த புரட்டாசியில் ஏர் கட்ட மாடு இராது. எனவே கதிரில் விழும் நோய் வேறு, தாளில் விழும் நோய் வேறு என்று பிரித்துப் பார்த்தல் நகரத்தார்க்கே இயலும். சம்சாரிக்குக் கதிர் தன் வயிறு. தட்டை தன் மாட்டின் வயிறு. இரண்டும் ஒரே செடியில் நிற்கின்றன.

இச்சோளத்தைத் தாக்கும் நோய்களில் முதலில் சொல்லத்தக்கது கரிப்பூட்டை. பயிர் முளைக்கிறது, வளர்கிறது, தோகை விரித்துச் செழித்து நிற்கிறது. நோயின் அடையாளம் எதுவும் தெரிவதில்லை. கதிர் வெளிவந்த பின்னரே சூது வெளியாகிறது. மணி இருக்கவேண்டிய இடத்தில் அழுக்கு வெள்ளை நிறமுடைய சிறு பை ஒன்று நீண்டிருக்கும். அதை நசுக்கினால் உள்ளே கரித்தூள். நான் பணியாற்றிய பள்ளியில் மாணவர் இத்தகைய கதிர்களைக் கொண்டு வருவதுண்டு. வெள்ளைத் தாளில் ஒரு மணியைத் தட்டிக் காட்டுவேன். தாள் கருக்கும், அடுத்த நொடியில் முதல் வரிசையில் இருந்தவன் மூக்கும் கருக்கும். அத்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து என்று சொன்னால் நம்பமாட்டார்கள். எண்ணிப் பார்க்கவும் இயலாது.

அவ்வித்து எவ்வழியே மறு ஆண்டுப் பயிரை அடைகிறது? களத்தில் கதிரடிக்கும் போது பைகள் உடைகின்றன. கரித்தூள் நல்ல மணிகளின் மேல் படிகின்றது. அந்நல்ல மணியையே சம்சாரி விதைக்கென்று எடுத்துக் குலுக்கையில் வைக்கிறான். உலர்ந்த இடத்தில் அத்தூள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மழை பெய்து விதை மண்ணில் விழுந்ததும், சோளம் முளைக்கும் போதே பூசணமும் முளைக்கிறது. முளை மண்ணைக் கீறி வெளிவருவதற்குள் அதனுட் புகுந்துவிடுகிறது. பிறகு குருத்தோடு குருத்தாக மேலேறிச் சென்று, கதிர் உருவாகும் வரையில் காத்திருக்கிறது. நோய் தோன்றுவது தை மாதம். நோய் பிடித்தது ஐப்பசியில். நோயின் விதை கலந்ததோ முந்தைய ஆண்டின் களத்தில். இக்கால இடைவெளிதான் மக்களை மயக்கியது. பனி கருக்கியது என்றனர் சிலர். பூக்கும் சமயத்தில் மேகமூட்டம் வந்த தோஷம் என்றனர் வேறு சிலர். கண்ணால் கண்டதை வைத்து எண்ணினால் அவர்கள் எண்ணியது நியாயமே.

தீவனத்துக்கென்றே நெருக்கி விதைக்கும் சோளநாற்றில் இம்மயக்கம் இன்னும் பெரிது. நாற்றைக் கதிர் முற்றுமுன் அறுத்துவிடுவதால், அதில் கரிப்பூட்டை இருந்ததா இல்லையா என்பதே தெரியாமற் போகும்.

நம் நாட்டுச் சம்சாரியைக் குறைத்துப் பேசுவோர்க்கு ஐரோப்பாவின் கதையைச் சொல்லவேண்டும். அங்குக் கோதுமையில் இதே வகை நோய் உண்டு. பிரெஞ்சு நாட்டில் தில்லே என்பவர், கரித்தூள் பூசிய விதையையும் பூசாத விதையையும் பாத்தி பாத்தியாக விதைத்துப் பார்த்து, தூளே நோய்க்குக் காரணம் என்று 1755இல் நிறுவினார். ஆயினும் தூள் உயிருள்ளது என்பதை அவர் அறியவில்லை. ஏதோ நஞ்சு என்றே கருதினார். 1807இல் மொந்தோபான் நகரத்துப் பிரேவோ என்பவர் நுண்பெருக்கியின் கீழ் அத்தூள் முளைவிடுவதையே கண்டார். செம்புப் பாத்திரத்தில் இருந்த நீரில் மட்டும் அது முளைக்க மறுப்பதையும் கண்டார். மயில்துத்தக் கரைசலில் விதையை நனைத்து விதைக்கும் முறை அங்கிருந்து பிறந்தது. இந்தப் பிரேவோ ஓர் ஆசிரியர். பெரிய கழகம் எதிலும் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆசிரியத் தொழிலில் காலங்கழித்தவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஆனால் கற்றறிந்த ஐரோப்பாவே அவர் சொன்னதை முழுமையாக ஏற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. படிப்பறிவற்ற நம் கரிசல் ஊர்கள் இருபது முப்பது ஆண்டு தயங்கின என்றால் அதில் வியப்பென்ன?

நிற்க. இந்தியாவில் பயிர்நோய் ஆராய்ச்சியை ஒழுங்குற அமைத்தவர் பட்லர் என்னும் அறிஞர். 1901இல் இந்தியாவுக்கு வந்தார். பீகாரில் பூசா என்ற ஊரில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து பணி புரிந்தார். அவர் 1918இல் வெளியிட்ட பயிர்நோய் நூல் நெடுங்காலம் இந்நாட்டு மாணவர்க்குப் பாடநூலாக நின்றது. அவர் வந்த அதே 1901ஆம் ஆண்டில்தான் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கரிசல் நிலத்துப் பருத்தியே அதன் முதற் கவலை. ஆயினும் பருத்தி விளையும் காட்டிலேயே சோளமும் கம்பும் விளைவதால் அவையும் நாளடைவில் அதன் பொறுப்பில் வந்தன. 1906இல் வேளாண்மைக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாறியது. சென்னை மாகாணத்தின் பூசண ஆராய்ச்சி அங்கே வேர்விட்டது.

மயில்துத்தக் கரைசலில் சோள விதையை நனைக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மைத் துறையினர் ஊர் ஊராகப் பரப்பினர். முறை எளிது, செலவும் சொற்பம். ஆனால் இடைஞ்சல் வேறிடத்தில் இருந்தது. கரைசலில் நனைத்த விதையை நிழலில் உலர்த்தியன்றோ விதைக்கவேண்டும்? கரிசலில் மழை பெய்து, மண் பதமாயிருப்பது சில நாளே. அந்தச் சில நாளில் ஏர் பூட்டுவானா, விதையை நனைத்து உலர்த்துவானா? மறுபடி ஒரு தூறல் விழுந்தால் ஈர விதை முற்றத்திலேயே முளைத்துவிடும். கரைசல் மிகுந்தால் முளைப்பும் கெடும். சம்சாரி மருந்தை மறுக்கவில்லை. அது வரும் வேளையை மறுத்தான் என்பதே என் கருத்து.

இத்தடையை நீக்கியது கந்தகம். 1930களில் பம்பாய் மாகாணத்தில் உப்பல் முதலிய ஆராய்ச்சியாளர்கள், நுண்ணிய கந்தகத் தூளை உலர்ந்த விதையோடு கலந்தாலே கரிப்பூட்டை அடங்கிவிடுவதைக் காட்டினர். நீர் வேண்டாம், வெயில் வேண்டாம். ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் அளவு போதும். ஒரு மண் பானையில் விதையையும் தூளையும் இட்டு, வாயைக் கட்டி, நன்றாகக் குலுக்கினால் வேலை முடிந்தது. மழைக்கு முன்னரே செய்து வைத்துவிடலாம். கந்தகமோ தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் அக்கரிசல் வட்டாரத்துக்கு அயலான பொருள் அன்று. பூசணம் விதையின் மேற்புறத்தில் ஒட்டியிருப்பதால்தான் இவ்வெளிய மருந்து பலித்தது. மண்ணில் தங்கியிருந்து தாக்கும் தலைக்கரிப்பூட்டைக்கும், காற்றில் வந்து பூவில் விழும் நெடுங்கரிப்பூட்டைக்கும் அது பயன்படாது. மருந்து பலித்ததா இல்லையா என்று கேட்குமுன் எந்த நோய்க்கு இட்டோம் என்று கேட்கவேண்டும்.

கந்தகத்துக்குப் பின் பாதரசக் கலவைகள் வந்தன. அவை இன்னும் வலிமையானவை, இன்னும் கொடியவை. 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டில் விதைக்கென்று வந்த கோதுமையைப் பசித்த மக்கள் அரைத்துத் தின்றனர். அவ்விதையில் பாதரச மருந்து பூசப்பட்டிருந்தது. மூட்டைமேல் எச்சரிக்கை எழுதியிருந்தது. ஆனால் அந்நாட்டு மக்கள் அறியாத மொழியில் எழுதியிருந்தது. 6,530 பேர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். 459 பேர் அங்கே மாண்டனர். மருந்திட்ட விதை மிஞ்சினால் மாட்டுக்கும் கோழிக்கும் போடலாகாது என்று இன்று வேளாண்மை அலுவலர் வற்புறுத்துவதற்குப் பின்னால் அந்த இறப்புகள் நிற்கின்றன.

இனிக் கோயம்புத்தூருக்கே உரிய ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லுகிறேன். நம் பாடநூல்கள் இதை ஏன் விட்டுவிட்டன என்பது எனக்கு விளங்காத புதிர். சோளம் பூக்கும் காலத்தில் சில பூக்களிலிருந்து தேன் போன்ற துளிகள் வழியும். எறும்பும் ஈயும் மொய்க்கும். பின்னர்க் கதிர் பிசுபிசுத்துக் கறுக்கும். தேனொழுகல் நோய் என்பது இதன் பெயர். இந்நோயை விளைக்கும் பூசணத்தை முதன்முதல் உலகுக்கு விவரித்துப் பெயரிட்டவர் சென்னை மாகாணத்துப் பூசண இயலாராய் இருந்த மெக்ரே, ஆண்டு 1917. கென்யாவில் 1924இல் கண்டனர். அதன்பின் பல பத்தாண்டுகள் ஆசியா, ஆப்பிரிக்கா என்ற இரு கண்டங்களிலேயே இருந்த இவ்வகை நோய் 1995இல் பிரேசிலில் தோன்றியது. 1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸில். ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒருவர் எழுதி வைத்த குறிப்பை அதன் முடிவில் உலகமே தேடிப் படிக்க நேர்ந்தது.

இப்பூசணம் மகரந்தம் சேராத சூலகத்தையே பற்றுகிறது. மகரந்தம் விரைந்து சேர்ந்துவிட்டால் அதற்கு இடமில்லை. ஆகையால் பூக்கும் காலத்தில் குளிரும் பனியும் மூடாப்பும் இருந்தால் நோய் மிகும். ஐப்பசியில் விதைத்த சோளம் மார்கழிப் பனியில் பூக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்! 1964இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளம் வெளிவந்த பிறகு இந்நோய்க்குப் புதிய வாய்ப்புக் கிட்டியது. ஒட்டு விதை எடுக்கும் வயலில் பெண் வரிசைச் செடிகளுக்குத் தம் மகரந்தம் இல்லை. ஆண் வரிசை சில நாள் பிந்திப் பூத்தால் பெண் பூக்கள் திறந்த வாயோடு காத்திருக்கும். அந்த இடைவெளி பூசணத்துக்குப் போதும். குயின்ஸ்லாந்தில் இந்நோய் கண்ட சோளத்தைத் தின்ற கறவை மாடுகள் தீவனத்தை வெறுத்தன, பாலும் குறைந்தது. பாற்சுரப்பைத் தூண்டும் உடற்சுரப்பு நீரைப் பூசணத்தின் நச்சு அடக்கிவிடுவதே காரணம் என்று கண்டனர்.

கம்பிலும் இதற்கு உறவான தேனொழுகல் நோய் உண்டு. தென்னிந்தியாவில் அது இயற்கையாகத் தோன்றுவதைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த தாமஸ், டி. எஸ். இராமகிருஷ்ணன், கே. வி. சீனிவாசன் ஆகிய மூவர் 1945இல் எழுதினர். இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஐரோப்பாவின் ரை என்னும் தானியத்தில் தோன்றும் இதே இனப் பூசணம் மகப்பேற்று மருந்துக்காக வேண்டியிருந்தது. கப்பல் வரவு நின்றுபோயிற்று. ஆகவே நீலகிரியில் ரை பயிரிட்டு, வேண்டுமென்றே நோயை ஊன்றி வளர்த்தனர். ஒரே அறிஞர் குழாம் சமவெளியில் எதிர்த்த பகையை மலைமேல் விருந்தாகப் பேணியது! கம்பு நோயின் நச்சு ரையின் நச்சைப் போல் கைகால் அழுகச் செய்வதில்லை. எனினும் 1956–57இல் பம்பாய் இராச்சியத்திலும் 1975இல் இராஜஸ்தானத்திலும் அத்தகைய கம்பைத் தின்ற மக்கள் குமட்டலும் வாந்தியும் மயக்கமும் உற்றனர். இதற்கு ஏற்ற முறை நம் வட்டாரத்துக்கென்றே அமைந்தது போன்றது: பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால், பூசணக் கட்டிகள் மிதக்கும், நல்ல மணி அமிழும். மிதப்பதை அரித்தெடுத்துவிட்டு, விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி உலர்த்தவேண்டும். தூத்துக்குடி உப்பளம் அருகிருக்க இதற்கு வேறு மருந்துக் கடை எதற்கு?

கம்பின் பெரும் பகை வேறொன்று. கதிரில் மணிக்குப் பதிலாகச் சிறு சிறு இலைகள் கற்றையாய்க் கிளம்பி, கதிரே பச்சைத் துடைப்பம் போல் நிற்கும். பச்சைக்கதிர் நோய் என்பர். இலையடியில் வெண்சாம்பல் பூப்பதால் அடிச்சாம்பல் நோய் என்றும் சொல்வர். பட்லர் 1907இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். இன்றைய வகைப்பாட்டில் இவ்வுயிரைப் பூசணக் குலத்திலிருந்தே நீக்கி, பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறு குலத்தில் சேர்த்துவிட்டனர். பெயர் எதுவாயினும் கேடு கேடே. முளையிலேயே பிடித்தால் செடி குறுகிக் கதிரும் இல்லை, தட்டையும் இல்லை. 1965இல் வெளிவந்த வீரிய ஒட்டுக் கம்பும் அதன் உடன்பிறப்புகளும் நாடெங்கும் பரவின. அவற்றுக்கெல்லாம் தாய் ஒன்றே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த ஒரே வகை. 1971இல் இந்நோய் அத்தாயின் பிள்ளைகளையெல்லாம் ஒரு சேர வீழ்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவிலும் ஒரே தாய்மையுடைய மக்காச்சோளம் இலைக்கருகலால் பெருவாரியாக அழிந்திருந்தது. பலவகை விதைகளைக் கலந்து போற்றிய பழைய சம்சாரியை நான் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். அவன் விளைச்சல் சிறிது. ஆனால் அவன் காடு ஒரே இரவில் தோற்காது. 1970களின் இறுதியில் செடியின் உள்ளே ஊடுருவும் மருந்து வந்த பின்னரே இந்நோய்க்கு விதை நேர்த்தி பலிக்கலாயிற்று.

ஆற்றங்கரை மாட்டுக்கு இந்நோய்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நெல்லுக்குக் குலைநோய் உண்டு. 1919இல் தஞ்சைக் கழனிகளில் அது பேரழிவாய் வந்த பிறகே மாகாணம் விழித்தது. அதைத் தாங்கும் நெல் வகைகளைக் கோயம்புத்தூரில் தேடினர். நம் பொருநைக் கரைக்கென அம்பாசமுத்திரத்தில் 1937இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆனால் வைக்கோலுக்கு வரும் பெரிய தீங்கு வயலில் அன்று, படப்பில். பிசானத்து வைக்கோல் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து பொன்னாய் வரும். கார்ப் பருவத்து அறுப்புப் பிந்தினால் வைக்கோல் மழையில் நனைந்து பூசணம் பிடிக்கும். பஞ்சாபிலும் அரியானாவிலும் அத்தகைய வைக்கோலைத் தின்ற எருமைகளுக்கு வால் நுனியும் காதும் குளம்பும் அழுகி விழுவதைத் தேக்நாலா நோய் என்று வழங்குகின்றனர். அங்கும் குளிர் காலத்தில்தான் அது மிகுதி.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தை நீக்கவேண்டும். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் துடித்து விழுந்தால், அதனையும் பூசண நோய் என்று சிலர் கருதுகின்றனர். அது பூசணத்தின் வேலை அன்று. சோளமே தன் இளம் பயிரில் ஒரு பொருளை வைத்திருக்கிறது. மெல்லும்போது அதிலிருந்து சயனைடு நஞ்சு பிறக்கிறது. டன்ஸ்டன், ஹென்றி என்ற இருவர் 1902இல் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். பூத்த சோளத்திலும், நன்கு காய்ந்த தட்டையிலும் அந்த அச்சம் பெரிதும் குறைந்துவிடும். நம் முன்னோர் இளநாற்றில் மாட்டை விடாதிருந்தது இதனாற்போலும்.

இன்று கரிசற்காட்டில் சோளமும் கம்பும் சுருங்கி, மக்காச்சோளம் பரந்து நிற்கிறது. உழவு மாடு குறைந்து டிராக்டர் வந்துவிட்டது. கறவை மாடு மட்டும் தொழுவத்தில் நிலைத்திருக்கிறது. அதற்கென இறவைத் தோட்டங்களில் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் நடுகின்றனர். கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து இதனை உண்டாக்கும் பணி 1950களில் கோயம்புத்தூரில் நடைபெற்றது. இப்புல் மலடு, விதை கட்டாது, கரணை வைத்தே பயிராக்கவேண்டும். விதையின் மேல் ஏறி வரும் பூசணத்துக்கு இதில் வழியில்லை. ஆனால் ஒரு தோட்டத்துக் கரணையே ஊர் முழுவதும் செல்லும் போது, 1971இன் கம்பைப் போல் ஊர் முழுவதும் ஒரே செடியாகிவிடுகிறது. கோவில்பட்டி நிலையத்தார் தானியத்துக்கும் தட்டைக்கும் ஒருங்கே பயன்படும் கே. 11, கே. 12 போன்ற சோள வகைகளை வெளியிட்டுள்ளனர். மானாவாரிக் காட்டில் அவற்றை விதைப்போர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் விதைப்பதற்கு முன் பானையில் இடும் மருந்துத் தூளின் நிறம் மாறியிருக்கிறது. பானையைக் குலுக்கும் முறை மாறவில்லை.